கல்லடியில் இருந்துகொண்டு ஸ்கீ ஓட்டம் பார்ப்பது எப்படி

அக்காவின் மூத்த மகன் ஒஸ்லோவில் பிறந்தவன். பள்ளிக்கூடம் போகும் முன்னரே காலில் ஸ்கீயை, அதுதான் பனியில் வழுக்கிப் போகிற நீளப் பலகையை, மாட்டிவிட்டார்கள். இங்கே பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குவது மாதிரி அங்கே அது. மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை பின்னேரம், "மாமா, கட்டாயம் பாருங்க" என்று ஓர் இணைப்பு அனுப்பினான். திறந்தால் வெள்ளைப் பனி, பச்சைக் காடு, நடுவில் ஒருவர் தனியாகப் போய்க்கொண்டே இருக்கிறார். முன்னால் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. இவர்தான் முதலாவது என்று நினைத்து முழு ஓட்டத்தையும் அவருக்காகவே பார்த்தேன். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் முதல் இருபதுக்குள்ளேயே இல்லை.

பிழை எங்கே என்று மருமகன்தான் சொல்லித்தந்தான். அந்த ஓட்டத்தில் எல்லாரும் ஒன்றாகத் தொடங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக, அரை நிமிட இடைவெளியில் விட்டார்கள். ஆகவே திரையில் முன்னால் தெரிகிறவர் உண்மையில் முன்னால் இருப்பவர் அல்ல, மணிக்கூடு மட்டும்தான் உண்மை சொல்லும். இது விளங்கிய நாளிலிருந்து எனக்கு இந்த விளையாட்டில் பைத்தியம்.

மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கமும் நோர்வே, சுவிஸ், கனடாவில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் அனுப்புகிற வீடியோவைப் பார்த்து "நல்லா ஓடுற" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த முறை சரியான கேள்வி ஒன்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் உங்களோடு கதைக்கும் என்று.

எந்த ஓட்டமானாலும் இரண்டே கேள்வி. எந்த முறையில் போகிறார்கள்? எப்படித் தொடங்குகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், மணிக்கூட்டைப் பார்ப்பதா, ஆட்களைப் பார்ப்பதா, கம்பைப் பார்ப்பதா என்று தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் நேரம்

பருவம் கார்த்திகைக் கடைசியில் பின்லாந்தின் ரூக்கா பக்கம் தொடங்கி பங்குனியில் முடியும். பெரும்பாலும் சனி, ஞாயிறு. நோர்வே, சுவீடன், இத்தாலி, சுவிஸ் எல்லாம் அந்த மாதங்களில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன, பின்லாந்து மட்டும் மூன்றரை. அங்கே பகல் 12 மணிக்குத் தொடங்கினால் இங்கே பின்னேரம் 4.30. நமக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது, வெயில் தாழ்ந்திருக்கும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருக்கலாம். கரண்ட் போனாலோ டேட்டா குறைவென்றாலோ வீடியோ தேவையில்லை, உலக ஸ்கீ சம்மேளனத்தின் தளத்தில் நேரங்கள் எழுத்தாக உடனுக்குடன் வரும். தனித் தொடக்க ஓட்டத்தை நான் இப்போதும் அப்படித்தான் பாதி பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ என்கிற இதை நோர்வேக்காரர் லாங்ரென் என்பார்கள், நம்மட பிள்ளைகள் வாயிலும் அந்தச் சொல்தான் வரும். மலையில் இருந்து விழுகிற மாதிரி இறங்குவது வேறு விளையாட்டு. துப்பாக்கி முதுகில் இருந்தால் அது பயத்லான், அதுவும் வேறு. இதில் ஏற்றம், இறக்கம், மேடுபள்ளமான சமதரை மூன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம் இருக்க வேண்டும் என்பது பாதை அமைக்கிற விதி. குதிக்கால் பலகையோடு ஒட்டியிராது, கால்விரல் பக்கம் மட்டும் கொளுவியிருக்கும். இறக்கத்தில் உடல் ஓய்வெடுக்கும், ஏற்றத்தில் ஓட்டம் தீர்மானமாகும். யார் வெல்வார் என்று பார்க்க ஆசையென்றால் ஏற்றத்தில் கண்ணை வையுங்கள்.

முதல் கேள்வி: கிளாசிக்கா, ஃப்ரீயா?

ஐந்து விநாடியில் கண்டுபிடிக்கலாம். பனியில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு வெட்டியிருந்து, அதற்குள்ளே இரண்டு ஸ்கீயும் நேராகப் போனால் கிளாசிக். அகலமான மட்டமான பாதையில் காலை வெளிப்பக்கம் உதைத்து உதைத்து வீ வடிவில் போனால் அது ஸ்கேட்டிங். பட்டியலில் ஃப்ரீ என்று போட்டிருப்பார்கள், ஃப்ரீ என்றால் எந்த முறையிலும் போகலாம், ஆனால் ஸ்கேட்டிங்தான் வேகம் என்பதால் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

கிளாசிக் எனக்கு அதிகம் பிடித்தது. அதில் ஒரு புதிர் இருக்கிறது. பனியில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதே பலகையை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் வழுக்காமல் ஏறவும் வேண்டும். எப்படி? இதை விளங்கிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் அடிமட்டத்தை எடுங்கள், பிள்ளைகளின் புத்தகப் பையில் கிடந்து லேசாக வளைந்துபோனது நல்லது. மேசையில் வளைவு மேலே இருக்கும்படி வையுங்கள். இரண்டு நுனியும் மேசையில் படும், நடு கொஞ்சம் எழும்பி நிற்கும். நடுவில் விரலால் அழுத்துங்கள், மேசையைத் தொடும். விரலை எடுங்கள், எழும்பும். கிளாசிக் ஸ்கீ அப்படியேதான். நுனிகளில் வழுக்குகிற மெழுகு, நடுவில் காலுக்குக் கீழே பிடிக்கிற மெழுகு. இரண்டு காலிலும் பாரம் பகிர்ந்து நிற்கும்போது நடு பனியைத் தொடாது, வழுக்கிக்கொண்டு போகலாம். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தால் நடு பனியில் ஒட்டும், அதை உதைத்து அடுத்த காலுக்குப் போகலாம்.

அந்தப் பிடிக்கிற மெழுகு சின்ன டப்பாக்களில் வரும். நீலம் குளிர் கூடிய நாளுக்கு, சிவப்பு 0 பாகைக்குக் கிட்ட, ஊதா இரண்டுக்கும் நடுவில். பழைய பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தால் கிளிஸ்டர் என்று ஒன்று குழாயில் இருந்து பிதுக்குவார்கள். அக்கா ஒருநாள் அது கையில் பட்டுவிட்டதென்று வீடியோவில் காட்டினா: பலாப்பால் மாதிரியே இழுபட்டது, கழுவக் கழுவப் போகவில்லை. அணிகள் இதற்கென்றே மெழுகுப் பொறுப்பாளர்களை விடியவே அனுப்பி, பத்து இருபது சோடி ஸ்கீயைப் பரிசோதிக்கின்றன. புதுப் பனி விழுந்துகொண்டிருக்க, வெப்பநிலை சரியாக 0 பாகையில் நின்றால் அதுதான் எல்லாருக்கும் சோதனையான நாள், பெரிய வீரர்களும் ஏற்றத்தில் பின்னால் வழுக்குவார்கள். அப்படி யாராவது திணறினால் உடம்பில் பலமில்லை என்று உடனே முடிவெடுக்காதீர்கள், காலுக்குக் கீழே பாருங்கள்.

மெழுகைப் பற்றி இன்னொன்று. முன்னர் வேகத்துக்காக ஃபுளோரின் கலந்த மெழுகு பூசினார்கள். அது மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகிற இரசாயனம், பூசுகிறவரின் உடலுக்கும் கேடு. 2023-24 பருவத்தில் இருந்து உலகக் கிண்ணத்தில், அதாவது பருவம் முழுக்க நடக்கிற ஓட்டத் தொடரில், முற்றாகத் தடை. ஓட்டத்துக்கு முன்னர் ஸ்கீயின் அடியைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். சரியான முடிவு, இன்னும் முன்னரே எடுத்திருக்க வேண்டும்.

கிளாசிக்கில் மூன்று அசைவைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஒரு கை மறு கால் என்று நடக்கிற மாதிரிப் போவது ஒன்று. ஏற்றம் செங்குத்தாகிவிட்டால் ஸ்கீயை விரித்து வைத்து மீன்முள் மாதிரித் தடம் விழ ஏறுவது இரண்டாவது. மழைக்குப் பிறகு வழுக்குகிற வயல் வரம்பில் பாதத்தைத் திருப்பி வைத்து ஏறியவர்களுக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை. மூன்றாவது, காலை அசைக்காமல் இரண்டு கம்பையும் ஒன்றாக ஊன்றி உடம்பை மடித்துத் தள்ளுவது. வாவியில் ஆழம் குறைந்த இடத்தில் தோணியைக் கம்பு ஊன்றித் தள்ளுகிறவரைப் பாருங்கள்: கை மட்டும் வேலை செய்வதில்லை, வயிறு, முதுகு, இடுப்பு எல்லாம் சேர்ந்து கம்பின் மேல் விழும். அதே அசைவு, நிமிடத்துக்கு அறுபது தரத்துக்குக் கிட்ட.

இந்தக் கம்புத் தள்ளல்தான் இன்று பெரிய சர்ச்சை. வீரர்களின் மேலுடல் பலம் கூடிக் கூடி, பிடிக்கிற மெழுகே பூசாமல் முழு ஓட்டத்தையும் தள்ளியே முடிக்கத் தொடங்கினார்கள். அப்படியே விட்டால் கிளாசிக் நடை அழிந்துவிடும் என்று இரண்டு விதி வந்தது. கிளாசிக்கில் கம்பின் நீளம் ஆளின் உயரத்தில் 83 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. சில ஏற்றங்களில் அறிவிப்புப் பலகை நட்டு, இந்த இடத்தில் இரண்டு கம்பையும் சேர்த்துத் தள்ளக் கூடாது என்று தடுப்பார்கள். அங்கே நடுவர் நிற்பார். கிளாசிக் ஓட்டத்தில் ஸ்கேட்டிங் உதை உதைத்தாலும் மஞ்சள் அட்டை வரும்.

ஸ்கேட்டிங் வந்த கதை சுருக்கமாக. அமெரிக்கர் பில் கோச் 1982இல் உலகக் கிண்ணத்தை வென்றபோது ஒரு காலைத் தடத்துக்கு வெளியே உதைக்கிற முறையைப் பயன்படுத்தினார், நீண்ட ஓட்டங்களில் பின்லாந்தின் பவுலி சீத்தோனென் அதை முன்னரே செய்திருந்தார். சில வருடத்துக்குள் எல்லாரும் பிடிக்கிற மெழுகைக் கைவிட்டுவிட்டு ஸ்கேட் பண்ணத் தொடங்க, பழைய முறை முடிந்தது என்று பயந்தார்கள். அதனால் பிரித்துவிட்டார்கள், 1988 கல்கரி ஒலிம்பிக்கில் இரண்டு முறைக்கும் தனித்தனி ஓட்டம். ஸ்கேட்டிங்குக்குக் கம்பு நீளம், நாடி வரைக்கும் வரும். ஸ்கீ கட்டை. வழுக்குகிற மெழுகு மட்டும் போதும்.

இரண்டாவது கேள்வி: எப்படித் தொடங்குகிறார்கள்?

*தனித் தொடக்கம்.* நான் ஏமாந்தது இதில்தான். பொதுவாக 30 விநாடிக்கு ஒருவர். தூரம் இப்போது பெரும்பாலும் 10 கிலோமீட்டர். திரையில் ஒருவரைக் காட்டும்போது ஓரத்தில் பச்சையில் கழித்தல் குறியோடு இலக்கம் வந்தால் அதுவரை முதலில் இருப்பவரைவிட அவ்வளவு விநாடி வேகம், சிவப்பில் கூட்டல் குறியோடு வந்தால் அவ்வளவு பின்தங்கல். தொடக்கப் பட்டியலை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு வேண்டிய மூன்று பேரின் இலக்கத்தைக் கையில் எழுதுங்கள், இடையிலே நேரம் பார்க்கும் இடம் இரண்டு மூன்று இருக்கும், ஒவ்வொன்றிலும் அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். நான் கொப்பியில் கோடு போட்டு எழுதுகிறேன். முதல் இடத்தில் எட்டு விநாடி பின்னால் இருந்தவர் கடைசி இரண்டு கிலோமீட்டரில் அதைத் தின்றுவிடுவதை எழுத்தில் பார்க்கிறபோது நெஞ்சு அடிக்கும், படமே வேண்டாம்.

விநாடி எவ்வளவு பெறுமதி என்றால், 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக் 15 கிலோமீட்டரில் சுவீடனின் தோமஸ் வாஸ்பெரி, பின்லாந்தின் யூஹா மியெத்தோவை 0.01 விநாடியால் வென்றார். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடி, ஒருவரை ஒருவர் காணாமல், நூறில் ஒரு விநாடி. அதன் பிறகு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி வரைக்கும்தான் கணக்கிடுவது என்று மாற்றிவிட்டார்கள். மியெத்தோவின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்தத் தொடக்கத்தில் நம்மைப் போன்ற நாட்டுக்காரருக்குச் சொந்தமான ஒரு கதையும் இருக்கிறது. 1998 நகானோ ஒலிம்பிக், 10 கிலோமீட்டர் கிளாசிக். கென்யாவின் பிலிப் பொய்ட் ஓட்டக்காரர், இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் பனியையே முதல் தடவை கண்டவர். நோர்வேயின் பியோர்ன் டேலி தங்கம் வென்றுவிட்டார். பொய்ட் கடைசி ஆளாக, டேலியைவிட இருபது நிமிடம் கூட எடுத்து வந்துகொண்டிருக்கிறார். டேலி பரிசு மேடைக்குப் போகாமல் முடிவுக் கோட்டில் காத்து நின்றார், பொய்ட் வந்ததும் கட்டிப்பிடித்தார். பொய்ட் பிறகு தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார். இருபது வருடத்துக்குப் பிறகு 2018இல் பியோங்சாங்கிலும் அப்படித்தான் நடந்தது: மெக்சிகோவின் கெர்மன் மத்ராசோ கடைசியாகக் கொடியோடு வர, 15 கிலோமீட்டரில் தங்கம் வென்ற சுவிஸின் டாரியோ கொலோனியா அவரை வரவேற்க நின்றார். தனித் தொடக்க ஓட்டத்தைக் கடைசி ஆள் வரும் வரைக்கும் பாருங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான்.

*கூட்டுத் தொடக்கம்.* எல்லாரும் ஒன்றாக. நோர்வேஜியப் பட்டியலில் ஃபெல்லெஸ்ஸ்டார்ட் என்று இருக்கும். அம்புமுனை மாதிரி வரிசை, 1ஆம் இலக்கம் நுனியில். இங்கே மணிக்கூட்டை மறந்துவிடுங்கள், முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் வென்றார், அவ்வளவுதான். ஆனால் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துத் தனக்குப் பின்னால் வருகிறவருக்கு வேலையைச் சுலபமாக்குகிறார். கல்முனை வீதியில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது முன்னால் ஒருவர் போனால் எவ்வளவு ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முதல் பாதியில் யாருக்கும் முன்னுக்குப் போக விருப்பம் இராது. 50 கிலோமீட்டரில் இது இரண்டு மணி நேரம் ஓடும். இடையில் ஸ்கீ மாற்ற ஒதுக்கிய இடத்துக்குள் போய்ப் புது ஸ்கீ போடலாம், அதற்கு இருபது விநாடிக்கு மேல் போகும், ஆனால் புதுசு வழுக்கினால் அது திரும்பக் கிடைக்கும். யார் மாற்றினார், யார் மாற்றவில்லை என்று கவனித்து வையுங்கள், கடைசிப் பத்து கிலோமீட்டர் முழுக்க அதன் பலன்தான்.

முடிவில் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தலையையோ நெஞ்சையோ பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். சப்பாத்தின் நுனி எது முதலில் கோட்டைத் தாண்டுகிறது என்பதுதான் கணக்கு. அதனால்தான் கடைசி மீட்டரில் ஒரு காலை நீட்டிக் கிட்டத்தட்ட இருந்துவிடுகிறார்கள்.

பெண்கள் முதன்முதலில் ஒலிம்பிக்கில் ஓடியது 1952இல், ஒஸ்லோவில், 10 கிலோமீட்டர், பின்லாந்தின் லிடியா வீடெமன் வென்றார். அதன் பிறகு எழுபது வருடம் அவர்களுக்குப் பெரும்பாலும் ஆண்களைவிடக் குறைந்த தூரம். 2022-23 பருவத்தில்தான் உலகக் கிண்ணத்தில் இருவருக்கும் ஒரே தூரம் ஆனது. 2023இல் ஒஸ்லோவின் ஹொல்மென்கொல்லனில் பெண்கள் முதல் தடவையாக உலகக் கிண்ண 50 கிலோமீட்டர் ஓடினார்கள், நோர்வேயின் ரக்ன்ஹில்ட் ஹாகா வென்றார். மருமகள்மார் இருக்கிற வீடுகளில் இதைச் சொல்லுங்கள்.

*ஸ்கியாத்லான்.* கூட்டுத் தொடக்கம்தான், ஆனால் பாதித் தூரம் கிளாசிக், நடுவில் ஸ்கீயையும் கம்பையும் மாற்றிவிட்டு மீதி ஃப்ரீ. இப்போது 10 கிலோமீட்டரும் 10 கிலோமீட்டரும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் தங்கமே இதில்தான் வந்தது, நோர்வேயின் தெரேசே யோஹாக்குக்கு, அப்போது பெண்களுக்கு ஏழரையும் ஏழரையும். மாற்றுகிற அந்த அரை நிமிடத்தைத் தவற விடாதீர்கள்.

*துரத்தல் தொடக்கம்.* முந்தைய நாள் எத்தனை விநாடியால் பின்தங்கினாரோ அத்தனை விநாடி பிந்தித் தொடங்குவார். யாக்ட்ஸ்டார்ட் என்பார்கள். முதலில் கோட்டைத் தாண்டுபவர் வெற்றியாளர், கணக்குத் தேவையில்லை. ஆங்கிலப் புதுவருடத்தை ஒட்டி நடக்கிற டூர் டி ஸ்கீ என்ற பலநாள் தொடரில் இதைப் பார்க்கலாம். அந்தத் தொடரின் கடைசி நாள் இத்தாலியில், மலையிறங்கும் ஸ்கீக்காரர் இறங்குகிற சரிவிலே இவர்கள் ஏறுகிறார்கள், சில இடத்தில் சரிவு 28 வீதம். முடிவுக் கோட்டைத் தாண்டியவர்கள் பனியில் குப்புற விழுந்து கிடப்பார்கள், அது நடிப்பு அல்ல.

ஸ்பிரின்ட்: பழகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான்

முதல் ஓட்டமாக எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் ஸ்பிரின்ட் என்பேன். ஒன்று முதல் 1.8 கிலோமீட்டர் தூரம், ஒரு சுற்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், பிள்ளைகளும் கூட இருந்து பார்க்கும். கணக்கு மட்டும் ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் தகுதிகாண். 15 விநாடிக்கு ஒருவராக எல்லாரும் தனியே ஓடுவார்கள், நேரத்தில் முதல் 30 பேர் உள்ளே. அதன் பிறகு நேரத்தை மறந்துவிட்டு ஆளோடு ஆள் மோதல். 30 பேர் ஆறு ஆறு பேராக ஐந்து காலிறுதி. ஒவ்வொன்றிலும் முதல் இருவர் நேரே அரையிறுதிக்கு, அது பத்து. மீதி இரண்டு இடம் தோற்றவர்களில் ஆக வேகமாய் ஓடிய இருவருக்கு. பன்னிரண்டு பேர், இரண்டு அரையிறுதி, அங்கேயும் முதல் இருவரும் வேகமான இரண்டு பேரும், ஆக இறுதிப் போட்டிக்கு ஆறு பேர். நம் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஆரம்பச் சுற்றுகள் ஓடுகிற மாதிரித்தான். அந்த வேகமான இருவர் விதியால் ஒரு வேடிக்கை நடக்கும்: மூன்றாவதாக வந்தவர் முடிவுப் பகுதியில் காத்திருந்து அடுத்த சுற்று முடியும் வரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அடுத்த சுற்று மெதுவாகப் போனால் அவர் தப்பினார். அவர் முகத்தையும் பாருங்கள்.

காலிறுதியில் முழுப் பலத்தையும் கொட்டிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் இன்னும் இரண்டு ஓட்டம் கிடக்கிறது. நோர்வேயின் யோஹன்னெஸ் க்ளெபோ இதில் கெட்டிக்காரர். கிளாசிக் ஸ்பிரின்டில் கடைசி ஏற்றத்தில் அவர் ஸ்கீயோடு ஓடுகிறார், உண்மையாகவே ஓடுகிறார், சின்னச் சின்ன அடி, வழுக்கல் இல்லை. அதுவரை நாலாவது ஐந்தாவதாக ஒளிந்து வந்தவர் ஏற்றத்தின் உச்சியில் பத்து மீட்டர் முன்னால் நிற்பார். 2025இல் ட்ரொண்ட்ஹெய்ம் உலகச் சம்பியன்ஷிப்பில் ஆறு ஓட்டம் ஓடி ஆறிலும் தங்கம் எடுத்தார், ஸ்பிரின்டில் இருந்து 50 கிலோமீட்டர் வரைக்கும். நம்மட அளவில் சொன்னால் ஒரே ஆள் 400 மீட்டரும் வென்று மரதனும் வெல்வது.

அணியாக ஓடுவது

அஞ்சல் ஓட்டம் நமக்குத் தெரியும், ஆகவே சுலபம். நாலு பேர், முதல் இருவர் கிளாசிக், கடைசி இருவர் ஃப்ரீ, இப்போது ஆளுக்கு ஏழரைக் கிலோமீட்டர். கை மாற்றுகிற அஞ்சல் கோல் கிடையாது, மாற்றும் இடத்தில் வருகிறவர் போகிறவரின் உடம்பைக் கையால் தொட வேண்டும். இலக்கத் துணியின் நிறம் முதலாமவருக்குச் சிவப்பு, பிறகு பச்சை, மஞ்சள், நீலம், ஆகவே சுற்று முழுக்கக் கலந்துபோனாலும் யார் எத்தனையாவது ஆள் என்று நிறத்தைக் கொண்டு பிடிக்கலாம்.

1994 லில்லஹாமர் ஒலிம்பிக் ஆண்கள் அஞ்சலைத் தேடிப் பாருங்கள். நோர்வேயின் சொந்த மண், ஒரு இலட்சத்துக்குக் கிட்டச் சனம். இத்தாலி அணியில் முதலாவதாக ஓடியவர் மவுரிலியோ டி சோல்ட், வயது 43. கடைசிச் சுற்றில் நோர்வேயின் டேலியும் இத்தாலியின் சில்வியோ ஃபவுனரும் ஒட்டிக்கொண்டு வந்து, ஃபவுனர் 0.4 விநாடியால் வென்றார். அத்தான் அந்த நேரம் நோர்வேக்குப் போய்ப் புதுசு, அடுத்த நாள் வேலைத்தலத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று இன்றும் சொல்வார்.

அணி ஸ்பிரின்ட் என்பது இரண்டு பேர் மாறி மாறி, ஆளுக்கு மூன்று தரம். 2018இல் அமெரிக்காவின் ஜெசி டிகின்ஸும் கிக்கன் ரன்டலும் இதில் 0.19 விநாடியால் சுவீடனை வென்று தங்கள் நாட்டின் முதல் கிராஸ் கன்ட்ரி தங்கத்தை எடுத்தார்கள். ஆனால் என் மனதில் நிற்பது 2006 டுரின். கனடாவின் சேரா ரென்னர் ஓட்டத்தின் நடுவில் கம்பு உடைந்து நிற்கிறார். பாதையோரம் நின்ற ஒருவர் தன் கையில் இருந்த கம்பைக் கொடுக்கிறார், அது ரென்னருக்குக் கொஞ்சம் நீளம், ஆனாலும் தள்ளிக்கொண்டு போனார். கனடாவுக்கு வெள்ளி. கம்பு கொடுத்தவர் பியோர்னர் ஹோகென்ஸ்மோன், நோர்வே அணியின் பயிற்றுநர். நோர்வே நாலாவதாக வந்து பதக்கத்தை இழந்தது. கனடாச் சனம் அவருக்கு மேப்பிள் பாணியை டின் டின்னாக அனுப்பி நன்றி சொன்னது. கம்பு உடைந்தால் பாதையோரத்தில் யாரும் கொடுக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது; ஸ்கீ உடைந்தால் கதை வேறு.

சனங்களின் ஓட்டம்

உலகக் கிண்ணம் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். சுவீடனில் வாசலொப்பெட், 90 கிலோமீட்டர், 1922இல் இருந்து, பங்குனி முதல் ஞாயிறு, பல்லாயிரம் சாதாரண மனிதர்கள். வழியில் சுடச்சுட புளூபெரி சூப் கொடுப்பார்கள். பெண்களை 1924இல் தடுத்துவிட்டு 1981இல்தான் மறுபடி சேர்த்தார்கள். நோர்வேயில் பிர்கெபெய்னர், ரேனாவில் இருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ பையோடு ஓட வேண்டும். 1206இல் உள்நாட்டுப் போரின்போது குழந்தை இளவரசன் ஹோகுனை இரண்டு வீரர்கள் பனிமலை தாண்டிச் சுமந்து காப்பாற்றினார்கள், அந்தக் குழந்தையின் பாரம்தான் அந்த மூன்றரைக் கிலோ. அத்தான் இதற்குப் பழகத் தொடங்கியபோது பையில் என்ன வைப்பது என்று யோசித்து, இங்கே இருந்து போன சிவப்புப் பச்சரிசியை நிறுத்துக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து அதையே சமைத்ததாக அக்கா சொன்னா.

இந்தச் சனிக்கிழமை செய்ய வேண்டியது

வெள்ளிக்கிழமையே அட்டவணையைப் பாருங்கள்: கிளாசிக்கா ஃப்ரீயா, என்ன தொடக்கம், எத்தனை கிலோமீட்டர். அங்குள்ள நேரத்தோடு நாலரையைக் கூட்டுங்கள். வெப்பநிலையையும் பாருங்கள், 0 பாகைக்குக் கிட்ட என்றால் மெழுகு நாள், மைனஸ் 20க்குக் கீழே போனால் ஓட்டத்தையே தள்ளிப்போடுவார்கள். தனித் தொடக்கம் என்றால் கொப்பியும் பேனையும் எடுங்கள், ஸ்பிரின்ட் என்றால் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், 50 கிலோமீட்டர் என்றால் முதல் ஒரு மணி நேரம் சமையலைப் பார்த்துவிட்டு வரலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே ஓடுகிறது என்றால், எத்தனையாவது வந்தாய் என்று கேட்காதீர்கள். நோர்வேயில் 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இடங்களைப் பட்டியலிட மாட்டார்கள், எல்லாருக்கும் பரிசு. என்ன மெழுகு போட்டாய், ஏற்றத்தில் பிடித்ததா, எந்த இடத்தில் முந்தினாய் என்று கேளுங்கள். மருமகனிடம் போன கிழமை இதைக் கேட்டேன். ஊதா போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சிவப்பும் போட்டதாகவும், இரண்டாவது ஏற்றத்தில் பனி ஈரமாகிப் பிடி விட்டுவிட்டதால் மீன்முள் போட்டு ஏறியதாகவும் சொன்னான். பிறகு போனைத் திருப்பி, ஸ்கீயின் நடுவில் தேய்ந்து வெளுத்துப்போன மெழுகை விரலால் தொட்டுக் காட்டினான்.